தகரத் தலையும் ஒன்பதரை விரலும்

எனக்கு ஒரு முறை கற்பூரம் காட்டியிருக்கிறார்கள். கல்யாணத்தில் எடுத்த ஆலத்தியைச் சொல்லவில்லை, அது எல்லோருக்கும் எடுப்பதுதான். நான் சொல்வது சேலையூர் கேம்ப் ரோட்டில், ஆட்டோ ஸ்டாண்டில், நான்கு ஆட்டோக்களுக்கும் எனக்கும் சேர்த்து ஒரே தட்டில் காட்டிய கற்பூரம். அப்போது எனக்கு வயது பத்து. தலையில் கழற்ற முடியாத ஒரு தகர டப்பா இருந்தது. டப்பாவின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஆகவே அந்த ஆட்டோக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. (அன்றைக்கு நிஜமாகவே வாயில்லை. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஏழு ஓட்டைகள்தான் இருந்தன.)

எங்கள் வீட்டில் இந்தக் கதையை யார் சொன்னாலும் ஆட்டோ ஸ்டாண்டில்தான் ஆரம்பிப்பார்கள், சிரிப்பு அங்கேதான் இருக்கிறது என்பதால். நான் கார்ட்டூனிலிருந்து ஆரம்பிக்கிறேன். பழியைப் போட எனக்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் டிவியில் அந்தக் கார்ட்டூன் வரும். எங்கோ ஒரு கிரகத்திலிருந்து இயந்திரங்கள் கும்பல் கும்பலாகப் பூமியில் இறங்கும். கவசம் போட்ட ஐந்து வீரர்கள் அவற்றை அடித்து நொறுக்குவார்கள். அரை மணி நேரம் இதேதான். பேசுவதெல்லாம் இந்தி. எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் இந்தி தெரியாது என்பதால் ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம். கதையில் வேறுபாடு வந்தால் சத்தம் அதிகமாகப் போடுகிறவர் சொல்வதுதான் சரி.

ஐவரில் வெள்ளிக் கவசம் போட்டவர்தான் கேப்டன். மற்ற நால்வரும் சண்டை முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைக் காட்டுவார்கள். கேப்டன் மட்டும் ஒரு நாளும் கழற்றியதில்லை. நான் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். கேப்டன் ஒரு பெண். அதனால்தான் முகத்தைக் காட்டுவதில்லை. இதை நான் தெருவில் அறிவித்தபோது எதிர்வீட்டுப் பாலாஜி, "குரல் ஆம்பளைக் குரல்தானே," என்றான். "அவங்களுக்கு ஜலதோஷம்," என்றேன். வாரா வாரம் ஜலதோஷமா என்று அவன் கேட்டான். வேற்றுக் கிரகத்துத் தூசி என்று சமாளித்தேன். ஓட்டெடுப்பில் தோற்றுப்போனேன்.

தோற்றதற்கு விலை இருந்தது. மாலையில் தெருவில் நடக்கும் சண்டை விளையாட்டில் பாலாஜி கேப்டன், மற்றப் பையன்கள் வீரர்கள், நான் மிஷின். மிஷின் என்றால் பிளாஸ்டிக் பக்கெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கையை விறைப்பாக நீட்டியபடி நடந்து வர வேண்டும். அவர்கள் ஐந்து பேரும் குச்சியால் பக்கெட்டில் அடிப்பார்கள். நான் விழ வேண்டும். விழுந்த பிறகும் இரண்டு அடி உண்டு. அது கேப்டனுக்கான தனிச் சலுகை.

ஒரு நாள் காது ரீங்காரத்தோடு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அழுதேன்.

"என்னை மிஷினா ஆக்கிட்டாங்கப்பா."

அப்பாவுக்குப் பிரச்சினை விளங்கவில்லை. "மிஷின்னா நல்லதுதானே பாப்பா," என்றார்.

அப்பாவைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். அவர் மறைமலை நகரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபிட்டர். காலையில் கேம்ப் ரோடு முனையில் கம்பெனி பஸ் ஏறினால் மாலை ஐந்து மணிக்கு அதே முனையில் இறங்குவார். அவருக்கு மிஷின்கள் மேல் ஒரு மரியாதை உண்டு. எங்கள் வீட்டுக் கிரைண்டரைக்கூட அம்மா தட்டி ஓட விட்டால் அவர் முகம் வாடும். ஒரே ஒரு ஞாயிறு என்னோடு உட்கார்ந்து அந்தக் கார்ட்டூனைப் பார்த்தார். பத்து நிமிஷத்தில் எழுந்துவிட்டார். "நல்ல கண்டிஷன்ல ஓடிட்டு இருக்கு. அதைப் போய் உடைக்கிறானுங்களே. யாராவது ஆயில் போட்டுப் பார்த்தாங்களா," என்று அம்மாவிடம் சமையலறையில் போய் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.

அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரல் பாதிதான் இருக்கும். நான் பிறப்பதற்கு முன்பே கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ்ஸில் போனது. எனக்கு அது வித்தியாசமாகவே தெரிந்ததில்லை. அப்பாக்களுக்கு விரல் அப்படித்தான் இருக்கும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணீரையும் மூக்கையும் அவர் துடைப்பது அந்த அரை விரலால்தான். அன்றைக்கும் துடைத்தார். துடைத்துவிட்டு, "சரி, அந்தக் கேப்டனுக்கு என்னென்ன வேணும்?" என்று கேட்டார்.

"கவசம்," என்றேன்.

மறுநாளே வேலை தொடங்கியது. மளிகைக் கடையிலிருந்து காலி பாமாயில் டின்கள் நான்கு வந்தன. அப்பா வெர்னியர் காலிப்பரை எடுத்து என் தலையை அளந்தார். (மூக்கிலிருந்து பின்மண்டை வரை எத்தனை மில்லிமீட்டர் என்று கணக்கெடுக்கப்பட்ட பெண் சேலையூரிலேயே நான் ஒருத்திதான்.) காதுக்கு இந்தப் பக்கம் ஐந்து மில்லி, அந்தப் பக்கம் ஐந்து மில்லி இடைவெளி, அவர் பாஷையில் கிளியரன்ஸ், என்று சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டார். ஒரு மாதம், ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காபி குடித்துவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்துவிடுவார். தகரத்தை வெட்டினார், மடித்தார், விளிம்பெல்லாம் கையைக் கிழிக்காதபடி சுருட்டிவிட்டார். மார்புக்கும் முதுகுக்கும் ஒரு கூடு. கூட்டின் மேலே கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தின்மேல் ஹெல்மெட். ஹெல்மெட்டை வைத்து வலது பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். இடது பக்கம் திருப்பினால் திறந்துகொள்ளும். பூட்டை வளையத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தவை பின்கழுத்தில் குழிக்குள் உட்கார்ந்த இரண்டே இரண்டு ஸ்க்ரூ. இந்த இரண்டு ஸ்க்ரூவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை முடியும் தறுவாயில் ஆயுத பூஜை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் தீபாவளியை விடப் பெரிய பண்டிகை அதுதான். காலையில் அப்பா தன் கருவிகளையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கூடத்தில் மணைமேல் வரிசையாக அடுக்குவார். ஸ்பேனர்கள் உயரப்படி நிற்கும், பக்கத்தில் அரங்கள், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர்கள். அவற்றோடு அம்மாவின் அரிவாள்மனையும் கத்தரிக்கோலும், என் பள்ளிக்கூடப் புத்தகங்களும் இருக்கும். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். படைத்த பிறகு மறுநாள் விஜயதசமி காலையில் மறுபூஜை செய்து எடுக்கும்வரை எதையும் தொடக்கூடாது. புத்தகத்தைத் தொடக்கூடாது என்பதால் எனக்கு இந்த விதிமேல் அளவில்லாத பக்தி. யாராவது படி என்று சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வேன்.

அந்த வருஷம் கவசமும் மணைமேல் ஏறியது. "பூட்டுக்குள்ள ஒரு பிசிறு இருக்கு பாப்பா," என்றார் அப்பா. "ரெண்டு ராவு ராவினா போயிடும். நாளைக்குக் காலையில பூஜை எடுத்ததும் முதல் வேலை இதுதான். அதுவரைக்கும் தொடக் கூடாது." ஹெல்மெட்டின் நெற்றியில் பெரிய பொட்டாக வைத்தார். கற்பூர வெளிச்சத்தில் அது டிவியில் வருவதைவிட நன்றாக இருந்தது. நான் சாமி கும்பிட்டதெல்லாம் அதைப் பார்த்துத்தான்.

சாப்பாடு முடிந்து அப்பா படுத்தார். அம்மா வடை சுட்ட களைப்பில் கண்ணயர்ந்தாள். நான்கு மணி இருக்கும். வெளியே பாலாஜி கத்திக்கொண்டிருந்தான். "ஏய், பக்கெட்டை எடுத்துட்டு வா. உங்கப்பா செய்யற தகர டப்பாவை நாளைக்குப் பார்த்துக்கலாம். இன்னிக்கு மிஷின் நீதான்."

அந்த இடத்தில் என் புத்தி வேலை செய்த அழகை நான் இன்றும் வியக்கிறேன். பூஜையில் வைத்தவை ஆயுதங்கள். ஆயுதங்களைத் தொடக்கூடாது. கவசம் ஆயுதமா? இல்லை, அது உடுத்துவது. பூஜைக்கு வைத்த புதுப்பாவாடையை உடுத்துவதில்லையா? வழக்கு முடிந்தது. மணைமேலிருந்து கவசத்தைத் தூக்கித் தலைவழியாக மாட்டிக்கொண்டேன். ஹெல்மெட்டை வைத்து வலது பக்கம் திருப்பினேன். கிளிக் என்றது.

வாசலில் இறங்கியபோது பையன்கள் பேச்சை நிறுத்தினார்கள். பாலாஜியின் கையிலிருந்த குச்சி தானாகக் கீழே இறங்கியது. அவன் என்னைச் சுற்றி ஒரு முறை நடந்து வந்து, தாழ்ந்த குரலில், "கேப்டன்," என்றான். என் வாழ்க்கையில் பிறகு கிடைத்த பதவி உயர்வுகள் எதுவும் அந்த ஒரு வார்த்தைக்குப் பக்கத்தில் வரவில்லை. பத்து நிமிஷம் கேப்டனாக இருந்தேன். ஐந்து பேரையும் அடித்து விழ வைத்தேன். விழுந்த பிறகு பாலாஜிக்கு மட்டும் தனியாக இரண்டு கொடுத்தேன்.

பிறகு சுண்டல் ஞாபகம் வந்தது. ஹெல்மெட்டை இடது பக்கம் திருப்பினேன். திரும்பவில்லை. வலது பக்கமும் திரும்பவில்லை. பையன்கள் நால்வர் என் கால்களைப் பிடித்துக்கொள்ள, பாலாஜி தலையைப் பிடித்து இழுத்தான். என் காதுகள் இரண்டும் உள்ளே மடங்கிக்கொண்டதுதான் மிச்சம். கேப்டன் ஏன் ஹெல்மெட்டைக் கழற்றுவதே இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவம், அவருக்கும் பிசிறு.

சத்தம் கேட்டு அம்மா எழுந்து வந்தாள்.

"கழட்டு."

"வரலைம்மா."

"வராம எங்க போகும். கழட்டுடி."

பிறகு அவளே முயன்றாள். வளையத்தைச் சுற்றித் தேங்காயெண்ணெய் விட்டாள். எண்ணெய் பூட்டைத் தவிர மற்ற எல்லா இடத்துக்கும் போனது. பின்கழுத்து ஸ்க்ரூவில் ஸ்பூன் காம்பை வைத்துப் பார்த்தாள். குழிக்குள் நுழையவில்லை. நாலணாக் காசு தடிமன் அதிகம். கொண்டை ஊசி வளைந்தது. நடுவில் நான் பசி என்றதால், கண்ணுக்கு நேராக இருந்த பிளவு வழியாகக் கொண்டைக்கடலையை ஒவ்வொன்றாகப் போட்டாள். நான் தலையை அண்ணாந்து உள்ளே வாயால் பிடிக்க வேண்டும். பத்து போட்டால் மூன்று கிடைத்தது. மீதி ஏழும் கழுத்து வழியாக முதுகுக்கு இறங்கின.

அப்பா எழுந்து வந்தார். முதலில் மணைமேல் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். பிறகுதான் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஹெல்மெட்டைப் பிடித்து மெதுவாக அசைத்துப் பார்த்து, "பிசிறு கடிச்சிருக்கு," என்றார். "ரெண்டு ஸ்க்ரூவைக் கழட்டினா பூட்டு மொத்தமா வந்துடும்."

"அப்ப கழட்டுங்கப்பா."

ஸ்க்ரூ டிரைவர் மணைமேல்தான் இருந்தது. அவர் கைக்கும் அதற்கும் இரண்டடி இருக்கும். அப்பா அதைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். பிறகு அவர், "வெளியில யார்கிட்டயாவது இருக்கும். வா பாப்பா," என்று சட்டையை மாட்டிக்கொண்டார்.

எனக்குத் தலை கால் புரியவில்லை. (தலை அப்போது என் வசத்திலும் இல்லை.) காரணத்தை அம்மா அன்றிரவு சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர்களுக்குக் கல்யாணமான புதிதில் ஓர் ஆயுத பூஜையன்று, கம்பெனியில் பூஜை முடிந்த கையோடு, யாரோ ஓர் அதிகாரியின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை என்று அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அப்பா பூஜையில் இருந்த ஸ்பேனரை எடுத்துப் பிளக்கைக் கழற்றி மாட்டிக் கொடுத்தார். பத்தாம் நாள் பிரஸ்ஸில் விரல் போயிற்று. பிரஸ்ஸின் தடுப்பு சரியாக விழவில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அப்பா அதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆனால் அவர் நம்பியது வேறு. ஓய்வெடுக்க வைத்த கருவியை எழுப்பினால் அது ஒன்றைக் கேட்கும் என்று நம்பினார். அதற்குப் பிறகு ஆயுத பூஜையன்று அவர் ஓர் ஆணியைக்கூடத் தொட்டதில்லை. மறுபடி தொட்டால் இன்னொரு விரலோ, கையோ. கையை வைத்துத்தான் எங்கள் வீட்டில் சோறு. இதெல்லாம் தெரியாமல் நான் அவர் பின்னால் தகரம் லொடலொடக்க நடந்தேன்.

முதலில் கஜா அண்ணனின் சைக்கிள் கடை. கஜா அண்ணன் வாசலில் வாழைக்கன்று கட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார் இது? உள்ள யாரு கீது?"

"பாப்பாதான். மாட்டிக்கிச்சு. பூஜையில வைக்காத ஸ்க்ரூ டிரைவர் ஒண்ணு இருந்தா குடு கஜா."

கஜா அண்ணன் உள்ளே கையைக் காட்டினார். சாக்கு விரித்து, பம்பு முதல் பஞ்சர் ஒட்டும் ரப்பர் வரை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். "இப்பத்தான் சூடம் காட்டிட்டு வந்து குந்திகினு கீறேன். ஒண்ணு வுடாம வெச்சிட்டேன் சார்." என்னைப் பார்த்ததும் அவருக்கு மனம் இளகியது. "ஒண்ணு செய்யி சார். நான் அந்தாண்ட திரும்பிக்கிறேன். எத்த எடுத்த, இன்னா செஞ்சன்னு நான் பாக்கல. சாமி கேட்டா எனுக்குத் தெரியாதுன்னு சொல்லிடுவேன்."

நிஜமாகவே திரும்பி நின்றுகொண்டார். அப்பா சாக்குக்குப் பக்கத்தில் குனிந்தார். நான் கண் பிளவு வழியாகப் பார்த்தேன். கை பாதி தூரம் போயிற்று, நின்றது, திரும்பி வந்தது.

"வேணாம் கஜா. உன்னுதை எடுத்தா உனக்கு ஏதாவது ஆயிடும்."

"சரி சார்," என்றார் கஜா அண்ணன், முதுகைத் திருப்பியபடியே.

ஹார்டுவேர் கடை பூட்டியிருந்தது, ஷட்டருக்கும் பொட்டு. அப்போதுதான் அப்பாவுக்கு டேவிட் அங்கிள் ஞாபகம் வந்தது. வீடு அடுத்த தெரு, வேலை பம்மலில் ஒரு சின்ன ஒர்க் ஷாப்பில். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் வீட்டில் பூஜை ஏது? அப்பா வேகமாக நடந்தார். நான் லொடலொடவென்று ஓடினேன்.

டேவிட் அங்கிள் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார். "டூல் பாக்ஸ் பம்மல்லயே இருக்கு சார். பசங்க நேத்தே ஒர்க் ஷாப்புல பூஜை போட்டுட்டாங்க. என் பெட்டிக்கும் பொட்டு வெச்சு, என் நெத்திக்கும் வைக்க வந்தாங்க. நான் பெட்டியோட நிறுத்திக்கங்கப்பான்னேன்."

"சாவி உங்ககிட்டதானே இருக்கும்?" என்றார் அப்பா ஆசையாக.

"இருக்கு. ஆனா நாளைக்குக் காலைல எல்லாரும் சேர்ந்து எடுக்கறதுன்னு பசங்களுக்கு வாக்குக் குடுத்துட்டேனே சார்." சங்கடப்பட்டார். பிறகு உள்ளே போய், கேக் வெட்டும் கத்தியை எடுத்து வந்து ஸ்க்ரூ குழிக்குள் விட்டுத் திருப்பினார். கத்தியின் முனை டக்கென்று ஒடிந்து குழிக்குள்ளேயே தங்கிவிட்டது. அப்பா அதை நகத்தால் நோண்டி எடுப்பதற்குள் கால் மணி நேரம் ஆகிவிட்டது. டேவிட் அங்கிள் கடைசியில், "நான் வேணா ஜெபம் பண்ணட்டுமா சார்?" என்று கேட்டார். அப்பா யோசித்து, "பண்ணுங்க," என்றார். கண்ணை மூடி, கையை என் தகரத் தலைமேல் வைத்து அவர் ஜெபித்தார். முடித்ததும் அப்பா ஒரு முறை திருப்பிப் பார்த்தார். நகரவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் விடைபெற்றார்கள்.

திரும்பி வரும் வழியில்தான் ஆட்டோ ஸ்டாண்டு. சாலை நெடுக உடைத்த திருஷ்டிப் பூசணிக்காய். என்னால் கீழே பார்க்க முடியாது, தலை குனியாது. ஒரு துண்டின்மேல் கால் வைத்தேன். வானம் தெரிந்தது. கேம்ப் ரோடே திரும்பிப் பார்க்கும்படி ஒரு சத்தம். மல்லாந்து கிடந்தேன். கவசத்தோடு எழுந்திருக்க முடியாது என்பதை அப்பா வடிவமைக்கும்போது யோசிக்கவில்லை. ஆமையைக் கவிழ்த்துப் போட்டாற்போல் கையும் காலும் மட்டும் ஆடின.

ஆட்டோக்காரர்கள் ஓடி வந்து தூக்கி நிறுத்தினார்கள். ஒருவர் கையில் அப்போதுதான் ஆட்டோக்களுக்குக் காட்டிக்கொண்டிருந்த கற்பூரத் தட்டு. என் நெற்றிப் பொட்டைப் பார்த்தார். "எந்தக் கம்பெனி பொம்மை இது, தானா நடந்து வந்துகினு கீது. பொட்டெல்லாம் வெச்சிக்கீறாங்க. இதுக்கும் காட்டிடறேன் மச்சான்," என்று மூன்று சுற்றுச் சுற்றி, விபூதியை எடுத்து என் தகர நெற்றியில் பூசினார்.

உள்ளேயிருந்து விம்மல் கேட்டதும் அவர் தட்டோடு இரண்டடி பின்னால் போனார்.

ஆமாம், அழுதுகொண்டிருந்தேன். விழுந்தது வலித்தது. முதுகில் கொண்டைக்கடலை நசுங்கியிருந்தது. ஸ்டாண்டுக்குப் பின்னால் பாலாஜியும் பையன்களும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அழுததற்குக் காரணம் இவை எதுவும் இல்லை. அழத் தொடங்கியதும் மூக்கு ஒழுகியது. துடைக்க முடியவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, அதையும் துடைக்க முடியவில்லை. சொந்த முகம் ஒரு ஜாண் தூரத்தில் இருந்தும் என் கை அதைத் தொட முடியாது என்பது அப்போதுதான் உறைத்தது. பயந்துவிட்டேன்.

அப்பா மண்டியிட்டு, ஏழு ஓட்டைகளுக்குப் பக்கத்தில் காதை வைத்தார்.

"என்னடா பாப்பா?"

"மூக்கு துடைக்கணும்பா."

அவர் கை தானாக உயர்ந்தது. பழக்கம். இடது கை ஆள்காட்டி விரலைக் கண் பிளவுக்குள் விட்டார். அரை விரல். மூக்கை எட்டவில்லை. உள்ளே இருட்டில் என் கண்ணுக்கு முன்னால் அது தடவிக்கொண்டே இருந்தது. நான் முகத்தை முன்னால் கொண்டுபோனேன். அப்போதும் எட்டவில்லை. வேறு விரலை விட்டிருக்கலாம். அவர் விடவில்லை. கையை வெளியே எடுத்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, என்னைக் கவசத்தோடு தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். நான் பத்து வயதுப் பெண், நான்கு டின் தகரம் வேறு.

"வீட்டுக்குப் போலாம்," என்றார்.

வீட்டில் கால் கழுவிவிட்டு நேரே மணைக்கு முன்னால் போய் நின்றார். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "விடிஞ்சா எடுத்துடலாமேங்க," என்றாள். "ராத்திரி பூரா நான் மடியில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். ஒரு ராத்திரிதானே. வேணாங்க."

"அவளால மூக்கு துடைக்க முடியல சரோ."

அப்பா கற்பூரம் ஏற்றினார். கண்ணை மூடி உதடு அசைய என்னவோ சொன்னார். பிறகு மூன்றாவதாக இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். முதல் ஸ்க்ரூ. இரண்டாவது ஸ்க்ரூ. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. ஹெல்மெட்டையும் கூட்டையும் கழற்றியதும் தரையில் கடலைகள் உருண்டன. அப்பா தன் துண்டால் என் முகத்தை ஒரு தரம் துடைத்தார். பிறகு அரை விரலால் மூக்கைத் துடைத்தார், இந்த முறை எட்டியது. திட்டவில்லை. "காது ரெண்டும் சிவந்துபோச்சு. கிளியரன்ஸ் இன்னும் ரெண்டு மில்லி விட்டிருக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு அம்மா ஸ்கூட்டர் கதையைச் சொன்னாள். பயமுறுத்தச் சொல்லவில்லை, அவளுக்கே பயமாக இருந்ததால் சொன்னாள். நான் போர்வைக்குள் படுத்தபடி கணக்குப் போட்டேன். அந்த அதிகாரியின் ஸ்கூட்டருக்குப் பாதி விரல். என் மூக்குக்கு எவ்வளவு?

மறுநாள் விஜயதசமி. அப்பா சொன்னபடி முதல் வேலையாகப் பிசிறை ராவி, ஹெல்மெட்டைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார். நன்றாகத்தான் வேலை செய்தது. எனக்குப் போட்டுக்கொள்ள மனமில்லை. அதற்கு மறுநாள் அவர் வேலைக்குப் போனார். நான் பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு என்ன நடத்தினார்கள் என்று அறியேன். நாலரை மணிக்கே கேம்ப் ரோடு முனைக்குப் போய் நின்றேன். கம்பெனி பஸ் வந்தது. அப்பா இறங்கியதும் பையைப் பிடுங்கிக் கீழே போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் பிடித்து விரித்து, சத்தமாக எண்ணினேன். ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து ஒன்பது வரை வந்து, "ஒன்பதரை," என்று முடித்தபோது அழுதுவிட்டேன். அப்பா புரியாமல் நின்று, பிறகு புரிந்துகொண்டு, "சரியா இருக்கா பாப்பா?" என்றார். "இருக்குப்பா," என்றேன். அவர் பஸ் புறப்படும்வரை முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் எண்ணினால் போதுமா. பத்தாம் நாள் ஆபத்து என்பது முன்னுதாரணம். பத்து நாள் எண்ணினேன். பதினொன்றாம் நாளும் எண்ணினேன், எதற்கு வம்பு என்று. இப்படியே அடுத்த ஆயுத பூஜை வரை, மழை நாட்கள் உட்பட. பஸ்ஸில் இருந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, "பாப்பா, எங்களுதையும் எண்ணி அனுப்பு," என்பார்கள். எண்ணினேன். அவர்களுக்கெல்லாம் பத்து இருந்தது. கொஞ்ச நாளில் அப்பா, பஸ் வளைவு திரும்பும்போதே இரண்டு கைகளையும் ஜன்னலுக்கு வெளியே விரித்துக் காட்டிக்கொண்டு வரத் தொடங்கினார், நான் சீக்கிரம் நிம்மதியடைவேன் என்று.

அதற்குப் பிறகு கம்பெனியில் எத்தனையோ வருஷம் வேலை பார்த்து, ஒன்பதரையோடு ஓய்வு பெற்றார். ஓய்வு பெற்ற அன்று நான் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தேன். லீவு போட்டுவிட்டு வந்து முனையில் நின்றேன். கடைசி முறையாக அந்த பஸ் திரும்பியது. ஜன்னலில் சுருக்கம் விழுந்த இரண்டு கைகள் விரிந்திருந்தன. எண்ணும்போது பஸ்ஸே சேர்ந்து எண்ணியது.

பாலாஜி இப்போது தன் பிள்ளைகளிடம் என்னைக் கேப்டன் என்றுதான் அறிமுகப்படுத்துகிறான். கூடவே கற்பூரக் கதையையும் சொல்லிவிடுகிறான். தகரத் தலை வருஷா வருஷம் பூஜையில் ஏறுகிறது, யாரும் மாட்டிக்கொள்ளத் தடை. ஒரு ஸ்க்ரூ டிரைவர் மட்டும் பூஜையில் ஏறுவதில்லை. சந்தனம், குங்குமம் எதுவும் இல்லாமல் ஜன்னல் திட்டில் தனியாகக் கிடக்கும். என் மகள் ஏன் என்று கேட்டால், "உங்கம்மா தலைக்கு," என்பார் அப்பா.

கற்பூரம் காட்டி முடிந்ததும் அவர் விபூதி எடுப்பதற்கு முன் இரண்டு கைகளையும் என் முன்னால் நீட்டுவார். நான் எண்ணுவேன். பேரன் பேத்திகள் ஒன்பது வரை காத்திருந்து, "அரை" என்று கூடமே அதிரக் கத்துவார்கள். கணக்கு சரியாக வந்த பிறகுதான் எங்கள் வீட்டில் சுண்டல்.